கண்ணுச்சாமி அழுத்தினால் எரியும் மாடல்

கண்ணுச்சாமி பொத்தானை அழுத்தினால் கட்டட மாடலில் தீப்பிடித்தது. பானுப்பிரியா அழுத்தினால் பிடிக்கவில்லை. அதே மாடல், அதே பொத்தான், நடுவில் ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. செல்வலட்சுமி தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மடியில் நோட்டை வைத்துக்கொண்டு, இந்தக் கூத்தை மூன்றாவது நாளாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பானுப்பிரியா அந்தப் பட்டாசுக் கம்பெனியின் ஆபீஸ் கிளார்க். ஹாலின் மறுகோடியில் அவள் மேசை. செல்வலட்சுமி கூப்பிடும்போதெல்லாம் போனை வைத்துவிட்டு, செருப்பு சரசரக்க ஹாலின் நீளம் முழுக்க நடந்து வந்து அழுத்துவாள். இந்தத் தடவையும் அப்படித்தான். அழுத்தியதும் மாடலில் இருந்த ஆபீஸ் கட்டடத்தின் டியூப் லைட் அணைந்தது. இரண்டு தடவை கண் சிமிட்டிவிட்டு மறுபடி எரிந்தது. வேறு ஒன்றும் நடக்கவில்லை.

"ஏங்கா, என் கையில என்னதான் இருக்கு? என்னையக் கண்டா மட்டும் படுத்துக்கிருது."

"தள்ளு புள்ள," என்றபடி ஜன்னல் பக்கமாகச் சுற்றி வந்தார் கண்ணுச்சாமி. வெடிமருந்து அறையில் பதினெட்டு வருஷமாகக் கலவை போடுகிறவர். ஆள்காட்டி விரலை ராஜா மாதிரி நீட்டி அழுத்தினார். மாடலின் மருந்து அறை பளீரென்று வெளுத்து, செம்மஞ்சளாக நடுங்கி எரியத் தொடங்கியது. பச்சைப் புள்ளிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டைப் பார்த்து ஓடின.

"கை ராசின்னு ஒண்ணு இருக்குல்ல," என்றார்.

"ஆமா, பெரிய கை ராசி. போன தீவாளிக்கு உங்க வீட்டு ராக்கெட்டு எங்க வீட்டு மாடியில வந்து விழுந்துச்சே, அந்தக் கைதான?" என்றாள் பானுப்பிரியா.

செல்வலட்சுமி சிரிக்கவில்லை. நோட்டில் எழுதினாள்: கண்ணுச்சாமி அண்ணன், பதினொன்றுக்குப் பதினொன்று. பானு, ஒன்பதுக்கு ஒன்று.

அவளுக்கு முப்பத்திரண்டு வயது. பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவள். விருதுநகரில் வீட்டு முன்னறையிலேயே பட்டறை வைத்து, பிளாட் விற்கிறவர்களுக்கும் கல்லூரிகளுக்கும் கட்டட மாடல் செய்து கொடுத்துவந்தாள். அந்த மாடல்களெல்லாம் ஆசை காட்டச் செய்தவை. பார்க்கிறவன் அட்வான்ஸ் கொடுத்துவிட்டால் மாடலின் வேலை முடிந்தது. ஆமத்தூர் தாண்டி நாரணாபுரம் போகிற வழியில் இருந்த இந்தப் பட்டாசுக் கம்பெனி கேட்டது வேறு சாதி மாடல். சீசன் தொடங்கும்போது புதிதாகச் சேரும் ஆட்களுக்குத் தீ எங்கே பிடிக்கும், எப்படிப் பரவும், எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று கண்ணால் பார்க்க வைக்க வேண்டும். அதுவரை மேனேஜர் ஜெயபாண்டி ஸ்லைடு போட்டு ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். பாதிப் பேர் தூங்கிப்போனார்கள்.

ஐம்பதில் ஒரு பங்கு அளவில் இரண்டு மாதம் உட்கார்ந்து செய்தாள். நிஜத்தில் மூன்று மீட்டர் அகலமுள்ள அறை மாடலில் ஆறு சென்டிமீட்டர், ஒரு தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் நீளம். பன்னிரண்டு அறைகள், நடுவில் தடுப்புச் சுவர்கள், கேட், கேட்டுக்கு வெளியே எல்லோரும் கூட வேண்டிய வேப்பமரம். வேப்பமரத்துக்குப் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரைப் பிய்த்து ஒட்டியிருந்தாள்.

வெளிச்சத்தின் சூத்திரதாரி மேசைக்கு அடியில் இருந்தது. சென்னை ரிச்சி தெருவிலிருந்து தபாலில் வரவழைத்த எல்.இ.டி. எஃபெக்ட் கன்ட்ரோலர். அதுவும் தீப்பெட்டி அளவுதான். ஒயர் செருக எட்டு வாய்கள். ஒவ்வொரு வாயிலும் எல்.இ.டி.களைக் கோத்து, பக்கத்திலிருக்கும் சின்ன சுவிட்சுகளைத் தள்ளி வைத்தால், அந்த வாய்க்கு ஒரு குணம் வந்துவிடும். ஒன்று நெருப்பு மாதிரி நடுங்கும். ஒன்று வெல்டிங் மாதிரி பொறி தட்டும். ஒன்று வரிசையாக ஓடும். ஒன்று டியூப் லைட் மாதிரி சிமிட்டிவிட்டு நிலைக்கும்.

நெருப்பு எஃபெக்ட்தான் செல்வலட்சுமிக்கு மிகவும் பிடித்தது. ஒரே சீராக மினுக்கினால் அது நெருப்பாகத் தெரியாது, கோயில் கொடை விழாவுக்குப் போடும் சீரியல் செட்டாகத் தெரியும். கன்ட்ரோலருக்குள் இருக்கும் சிப், ஒழுங்கே இல்லாத எண்களை வரிசையாகப் பிறப்பித்து, அந்த எண்ணுக்குத் தக்கபடி வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிறது. இரண்டு மஞ்சளும் ஒரு சிவப்பும் ஒன்றோடொன்று ஒட்டாமல் அதனதன் போக்கில் நடுங்கும்போது, நம் கண் ஏமாந்து, அங்கே காற்று அடிக்கிறது என்றே நம்பிவிடுகிறது.

தீயின் நிறத்தைத் திருத்தியவர் கண்ணுச்சாமி. மருந்து அறைகளில் வெள்ளையடிப்பு நடந்ததால் அந்த வாரம் அவருக்கு வேலை இல்லை. மாடலுக்கு ஆலோசனை சொல்ல ஜெயபாண்டி அவரை ஹாலுக்கு அனுப்பியிருந்தார். வந்த முதல் நாளே வெளுத்த டெரிலீன் சட்டையைப் போட்டுக்கொண்டு மாடலைக் குனிந்து பார்த்தவர், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"என்ன தங்கச்சி, மருந்து ரூமுக்குள்ள டியூப் லைட்டு போட்டு வச்சிருக்கீக! எங்கள இன்னைக்கே மேல அனுப்பிரலாம்னு முடிவா?"

அவளுக்கு அது தெரிந்திருக்கவில்லை. மருந்து அறைக்குள் கரண்டே கிடையாது. பகல் வெளிச்சத்தில்தான் வேலை. டியூப் லைட்டைப் பிடுங்கி ஆபீஸ் கட்டடத்துக்கு மாற்றினாள். அப்புறம் தீ.

"மொதல்ல வெள்ளையா அடிக்கணும். அலுமினியப் பவுடர் எரிஞ்சா கண்ணு கூசும். பொறவுதான் இந்த மஞ்ச, செவப்பெல்லாம்."

பளீர் வெளிச்சத்தை முன்னால் வைத்தாள். "ஆங்," என்று ஒரு அடி பின்னால் நகர்ந்தார் கண்ணுச்சாமி. அந்த ஒரு அடி அவளுக்குப் போதுமாக இருந்தது. ஒவ்வொரு அறை வாசலிலும் வலது பக்கம் ஒரு செப்புத் தகடு இருக்கும் என்றும் அவர்தான் சொன்னார். உடம்பில் இருக்கும் கரண்டை அதைத் தொட்டு இறக்கிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டுமாம். அதையும் விடவில்லை அவள். செப்பு டேப்பை அரிசி அளவுக்கு வெட்டி, பன்னிரண்டு வாசலிலும் ஒட்டினாள். மாடல் அச்சு அசலாக ஆனது.

விருதுநகரில் அவள் வீட்டுப் பட்டறையில் அது நூறு தடவைக்கு நூறு தடவை வேலை செய்தது. ஹாலுக்குக் கொண்டுவந்து வைத்த பிறகுதான் சண்டித்தனம்.

ஜெயபாண்டி கெடுவை முதல் நாளே சொல்லிவிட்டார்.

"வெள்ளிக்கெளம சாயங்காலம் நாலு மணி. இருபது ஆளு வரிசையா வந்து அமுக்குவாக. இருபதுக்கு இருபது எரியணும். ஒண்ணு தப்புனாலும் சனிக்கெளம புது ஆளுகளுக்கு நான் ஸ்லைடத்தான் போடுவேன்."

"ஒண்ணு கூடவா சார்?"

"ஏம்மா, இது பாதுகாப்புப் பாடம். ஒருக்கா மக்கர் பண்ணிட்டா சிரிச்சிருவாக. சிரிச்சவன் தீப்பிடிக்கிறப்ப ஓட மாட்டான், நின்னு வேடிக்க பாப்பான்."

அவளால் அதை மறுக்க முடியவில்லை. அவர் சொன்னது சரி. அதனாலேயே அவளுக்கு இந்த மாடல் ஜெயிக்க வேண்டியிருந்தது. சனிக்கிழமை நாற்பது பேர் வருகிறார்கள். பச்சைப் புள்ளிகள் ஓடும் திசை அவர்கள் கண்ணில் பதிந்துவிட்டால், பிறகு எந்த நாளிலும் கால் தானாக அந்தப் பக்கம் திரும்பும். ஸ்லைடால் அது ஆகாது.

இப்போது வியாழக்கிழமை காலை பதினொரு மணி.

அவள் கைக்குக் கிடைத்த ஒரே துப்பு அந்த டியூப் லைட். அது சிமிட்டிக்கொண்டு எரிவது எப்போது? கன்ட்ரோலருக்குப் புதிதாகக் கரண்டு வரும்போது மட்டும். சுவிட்சைப் போட்டதும் இரண்டு தடவை சிமிட்டும், அப்புறம் நாள் முழுக்க நிலையாக எரியும். அப்படியானால் பானு அழுத்தும்போது சிமிட்டுகிறது என்றால், அந்தக் கணத்தில் சிப் செத்துப் பிழைக்கிறது. பொத்தான் அழுத்தியது மறந்துபோய், காலையில் எழுந்த பிள்ளை மாதிரி முதலிலிருந்து தொடங்குகிறது.

சிப் ஏன் சாக வேண்டும்? முதல் சந்தேகம் கரண்டு மேல். பளீர் வெளிச்சத்துக்கு அந்த ஒரு மருந்து அறைக்குள்ளேயே பன்னிரண்டு வெள்ளை எல்.இ.டி.கள் ஒரே நேரத்தில் எரிகின்றன. அத்தனையும் ஒரே மூச்சில் உறிஞ்சினால் அடாப்டர் மூச்சுத் திணறி, சிப்புக்குப் போகிற வோல்டேஜ் விழலாம். செவ்வாய்க்கிழமை முழுக்க இதிலேயே போனது. கரண்டைத் தேக்கிக் கொடுக்கும் பெரிய கெப்பாசிட்டர் ஒன்றைச் சேர்த்துப் பார்த்தாள். அடாப்டரை மாற்றினாள். கடைசியில் அடாப்டரையே கழற்றிவிட்டு, வாசலில் நின்ற ஒரு ஆட்டோவின் பேட்டரியை இறக்கி இணைத்தாள். பானு அழுத்தினாள், டியூப் லைட் சிமிட்டியது. கரண்டு குற்றவாளி இல்லை.

அடுத்த சந்தேகம் லூஸ் கான்டாக்ட். அதற்கு ஒரு சாட்சியும் இருந்தது. பானு அழுத்தி வேலை செய்யாதபோது, அங்கேயே நின்று உடனே மறுபடி அழுத்தினால் எரிந்துவிடும். முதல் அழுத்தலில் ஒட்டாதது இரண்டாவதில் ஒட்டுகிறது என்றால் லூஸ் கான்டாக்ட் தானே? புதன்கிழமை பொத்தானைக் கழற்றித் துடைத்தாள், ஒயர்களை மறுபடி பற்றவைத்தாள், அதே மாதிரி புதுப் பொத்தான் ஒன்றையும் போட்டுப் பார்த்தாள். லிஃப்டில் இருக்குமே, அந்த மாதிரி பளபளவென்ற ஸ்டீல் பொத்தான். கம்பெனி ஹாலுக்கு எடுப்பாக இருக்கட்டும் என்று வாங்கியது. பட்டறையில் சாதாரண பிளாஸ்டிக் பொத்தான்தான் வைத்திருந்தாள்.

புதுப் பொத்தானிலும் அதே கதை.

இயந்திரத்தில் தேடிக் கிடைக்காதபோதுதான் அவள் நோட்டில் ஆட்களை எழுதத் தொடங்கினாள். யார் அழுத்தினார், என்ன ஆனது. பானு, ஜெயபாண்டி, வாட்ச்மேன் பெத்தணன், பேக்கிங்கில் இருக்கும் பொன்னுத்தங்கம். எல்லோருக்கும் கெட்டது. கண்ணுச்சாமிக்கு மட்டும் கெடவில்லை. அவளுக்கும் கெடவில்லை, ஆனால் அவள் தரையில் உட்கார்ந்தபடியே கையை நீட்டி அழுத்துகிறவள்.

அழுத்துகிற பலமா? கண்ணுச்சாமி மெதுவாகத்தான் அழுத்தினார். விரல் ஈரமா? துடைக்கச் சொல்லிப் பார்த்தாகிவிட்டது.

"அண்ணே, நீங்க வெளிய போயிட்டு மறுக்கா உள்ள வாங்க."

"எதுக்கு?"

"சும்மா. பொத்தானையும் உங்க விரலையும் மூணு நாளாப் பாத்துட்டேன். இப்ப உங்களப் பாக்கப் போறேன்."

"பாத்துக்க. சீமையில இல்லாத அழகு," என்று பானு தூரத்திலிருந்தே சொன்னாள்.

"ஏ, பொறாமப்படாத," என்று சொல்லிக்கொண்டே கண்ணுச்சாமி வெளியே போனார்.

கதவைத் திறந்து வந்தார். செருப்பு புது பிளாஸ்டிக் விரிப்பில் சரசரத்தது. ஹாலைக் கடந்தார். மாடலுக்கு வலது பக்கம் இருந்த ஜன்னலை ஒட்டி வந்தார். வலது கை இடுப்பு உயரத்தில் நீண்டு, ஜன்னல் கம்பியை முழு உள்ளங்கையால் ஒரு தடவை தொட்டது. பிறகு அதே கை திரும்பி வந்து பொத்தானை அழுத்தியது. மாடலில் தீப்பிடித்தது.

செல்வலட்சுமியின் பேனா நோட்டின் மேல் அப்படியே நின்றது.

"அண்ணே, கம்பிய ஏன் தொட்டீக?"

"எந்தக் கம்பிய?"

"ஜன்னல் கம்பிய."

"நான் எங்க தொட்டேன்?"

"தொட்டீகண்ணே. இப்ப, என் கண்ணு முன்னாடி."

கண்ணுச்சாமி தன் கையை யாரோ மூன்றாம் ஆளின் கையைப் பார்ப்பது போலப் பார்த்தார். "மருந்து ரூம் வாசல்ல வலது பக்கம் தகடு இருக்கும்ல. ஒரு நாளைக்கி முப்பது தடவ தொடுவேன். கை அதுபாட்டுக்குப் போயிருது போல." கொஞ்சம் வெட்கமாகச் சிரித்தார். "வீட்டுலயும் இப்பிடித்தான். கதவு நாதாங்கியத் தொட்டுட்டுத்தான் உள்ள போவேன். எம் பொண்டாட்டி சாமி கும்பிடுறேன்னு நெனச்சுக்கிட்டிருக்கா."

செல்வலட்சுமி எழுந்து நின்றுவிட்டாள். மூன்று நாளாக விலகிக் கிடந்தவை எல்லாம் ஒன்றையொன்று கைபிடிப்பது அவளுக்குத் தெரிந்தது. தை மாதம்; மழை போய்க் காற்று காய்ந்துவிட்டது. போதாததற்கு ஹாலில் போன மாதம் மாட்டிய ஏ.சி., காற்றில் மிச்சமிருக்கும் ஈரத்தையும் பிழிந்துவிடுகிறது. தரையில் பளபளக்கும் புது விரிப்பு. அதன்மேல் ரப்பர் செருப்பு உரசி உரசி நடந்தால், சீப்பைத் தலையில் தேய்த்ததும் காகிதத் துண்டுகளை இழுக்குமே, அதே கரண்டு உடம்பில் ஏறுகிறது. ஓடாத கரண்டு. போக வழியில்லாமல் உடம்பிலேயே தேங்கி நிற்கிறது. விரல் ஸ்டீல் பொத்தானை நெருங்கியதும் வழி கிடைத்து ஒரே தாவாகத் தாவுகிறது. பொத்தானிலிருந்து ஒயர், ஒயரிலிருந்து சிப். ஐந்து வோல்ட்டில் பிழைக்கிற சிப்புக்கு ஆயிரக்கணக்கான வோல்ட் என்றால் அது மூர்ச்சை ஆகாமல் என்ன செய்யும்? உடனே இரண்டாம் தடவை அழுத்தினால் எரிவதற்கும் காரணம் அதுவே. தாவ வேண்டியது முதல் தடவையே தாவி முடிந்தது. அவள் பட்டறையில் சிமென்ட் தரை, ஏ.சி. இல்லை, பிளாஸ்டிக் பொத்தான். இங்கே உட்கார்ந்தபடியே அழுத்தினாள். ஒரு தடவைகூட அவள் நடந்து வந்து அழுத்தவில்லை.

தெரிந்ததாக நினைப்பது வேறு, நிரூபிப்பது வேறு. "பானு, இங்க வா. வந்ததும் ஜன்னல் கம்பியத் தொட்டுட்டு அமுக்கு."

பானு நடந்து வந்தாள், தொட்டாள், "ஸ்" என்று கையை உதறினாள், அழுத்தினாள். தீப்பிடித்தது. ஐந்து தடவை போய் வந்தாள். ஐந்து தடவையும் எரிந்தது.

"அக்கா! எனக்கும் ராசி வந்துருச்சு!"

"அண்ணே, இப்ப நீங்க. கம்பியத் தொடாம வரணும்."

அதுதான் கஷ்டமாக இருந்தது. முதல் தடவை கை தானாக நீண்டு கம்பியைத் தொட்டுவிட்டது. இரண்டாம் தடவையும். "பிடிச்சுக் கட்டுங்கக்கா அந்தக் கைய," என்றாள் பானு. கடைசியில் வலது கையில் ஆபீஸ் ரிஜிஸ்டர் இரண்டைத் தூக்கிக் கொடுத்து நடக்கவிட்டார்கள். இடது கையால் பொத்தானை அழுத்தினார். டியூப் லைட் சிமிட்டியது.

"போச்சா ராசி?" என்று பானு கைகொட்டினாள்.

கண்ணுச்சாமி ரிஜிஸ்டர்களைக் கீழே வைத்துவிட்டு இடது விரல் நுனியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். "சுருக்குன்னுச்சு தங்கச்சி."

"அதப் பாத்துருவோமா?"

வெடிப் பாக்கெட்டுகளுக்கு ஒட்டும் லேபிள் தாள்கள் ஹால் மூலையில் கட்டாகக் கிடந்தன. அவற்றை ஜன்னல் கண்ணாடிகளில் ஒட்டி, விளக்குகளையும் மாடலையும் அணைத்தார்கள். பட்டப்பகலில் ஹால் இருட்டானது. பானு மறுகோடியிலிருந்து தடவித் தடவி நடந்து வந்து, பொத்தானை நோக்கி விரலை நீட்டினாள்.

விரலுக்கும் பொத்தானுக்கும் நடுவில் நூல் அளவுக்கு ஒரு நீலக் கோடு தெறித்தது. டிக் என்று ஒரு சத்தம். அவ்வளவு சின்னது, கண்ணைச் சிமிட்டியிருந்தால் தவறவிட்டிருப்பார்கள்.

இருட்டில் கண்ணுச்சாமியின் குரல்தான் முதலில் வந்தது. அதில் விளையாட்டு இல்லை.

"இம்புட்டுப் போதும். ரூமே போயிரும்." பிறகு, "பதினெட்டு வருசமாத் தொடுறேன். தொட்டு எத எறக்குறேன்னு இன்னைக்கித்தான் கண்ணால பாக்கேன்."

விளக்கைப் போட்டதும் செல்வலட்சுமியின் கண் மாடல் மேல் போனது. பன்னிரண்டு வாசலிலும் அரிசி அளவில் செப்புத் தகடுகள் மினுங்கின. அத்தனையையும் அவள் கையாலேயே வெட்டி ஒட்டியிருந்தாள், எதோடும் இணைக்காமல். வாசல் வாசலாக விடையை ஒட்டி வைத்துவிட்டு மூன்று நாளாகப் பேட்டரியையும் பொத்தானையும் கழற்றிக்கொண்டிருந்திருக்கிறாள். அவளுக்குத் தன்மேலேயே சிரிப்பு வந்தது.

ஜெயபாண்டி வந்து எல்லாவற்றையும் கேட்டார். அவரும் ஒருமுறை இருட்டில் அழுத்தி அந்த நீலக் கோட்டைப் பார்த்தார். பிறகு கேட்டார்: "அப்ப பழைய பிளாஸ்டிக் பொத்தானப் போட்டுட்டா முடிஞ்சுதுல்ல?"

உண்மைதான். பிளாஸ்டிக் பொத்தான் என்றால் கரண்டுக்குத் தாவ வழி கிடைக்காது. பத்து நிமிஷ வேலை. நாளைக்கு இருபதுக்கு இருபது எரியும். செல்வலட்சுமி அதை மனதில் ஒருமுறை ஓட்டிப் பார்த்தாள்.

"மாடல் பொழைச்சுக்கும் சார். அமுக்குன ஆளு ஒடம்புல கரண்டு அப்பிடியேதான இருக்கும்? அத வச்சுக்கிட்டே சனிக்கெளம மருந்து ரூமப் பாக்கப் போவாக."

"அதுக்கு?"

"பொத்தான் இதே இருக்கட்டும். பக்கத்துல ஒரு செப்புத் தகடு வைக்கிறேன், மருந்து ரூம் வாசல்ல இருக்கிற அதே ஒசரத்துல, அதே வலது பக்கம். அதத் தொட்டாத்தான் மாடல் ஒழுங்கா ஓடும். தொடாதவனுக்கு டியூப் லைட்டுதான் கண்ணடிக்கும். பாடம் அங்கனயே ஆரம்பிச்சிருது."

"தொடாம எவனாவது அமுக்கி, நாளைக்கி ஒண்ணு கெட்டுப்போனா?"

"கெட்டா அது மாடலோட தப்பில்ல சார். நீங்களே எண்ணிக்கங்க. நான் தயார்."

அவள் குரலில் இருந்த உறுதி ஜெயபாண்டியைத் தலையாட்ட வைத்தது. கண்ணுச்சாமியோ ஏற்கெனவே ஸ்டோருக்குக் கிளம்பியிருந்தார், தகடு கொண்டுவர.

அன்று பிற்பகலே வேலை முடிந்தது. உயரத்தைக் கண்ணுச்சாமிதான் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு நடந்து வந்தார். கை போய் நின்ற இடத்தில் பென்சிலால் கோடு போட்டாள். டேப்பால் அளந்தால் மருந்து அறை வாசல் தகட்டின் உயரத்துக்கும் அதற்கும் அரை அங்குலம்கூட வித்தியாசம் இல்லை.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு இருபது பேர் வரிசையில் நின்றார்கள். ஜெயபாண்டி ஒவ்வொருவரையும் ஹாலை ஒரு சுற்றுச் சுற்றி வரச் சொன்னார். செருப்புகள் சரசரத்தன. பொன்னுத்தங்கம் தொட்டாள், அழுத்தினாள், எரிந்தது. பானு தொட்டாள், எரிந்தது. ஆறாவதாக நின்ற வாட்ச்மேன் பெத்தணன் தகட்டைப் பார்த்துத் தயங்கினார்.

"இதுல ஷாக்கு அடிக்காதா தாயி?"

"அடிக்காதுங்க. நடுவுல ஒரு ரெசிஸ்டர் வச்சிருக்கேன். கம்மாய்த் தண்ணியக் கரைய ஒடச்சு விட்டா ஊரே போயிரும். மடையக் கொஞ்சமாத் தெறந்து விட்டா அமைதியாப் போகும்ல? இது மடை. ஒங்க ஒடம்புல இருக்கிறது மெதுவா எறங்கிரும்."

பெத்தணன் உள்ளங்கையைத் தகட்டில் வைத்து, ஒன்றும் ஆகவில்லை என்றதும் இன்னொரு கையையும் வைத்தார். வரிசை சிரித்தது. அழுத்தினார், எரிந்தது.

பத்தொன்பது முடிந்து இருபதாவது ஆள் ஜெயபாண்டி. அவசரமாக வந்து நேரே பொத்தானுக்குக் கையை நீட்டினார்.

"சார்!" கண்ணுச்சாமியின் குரல் ஹாலையே நிறுத்தியது. "மருந்து ரூமுக்குள்ள இப்பிடித்தான் போவீகளா?"

நீட்டிய கை அப்படியே நின்றது. ஜெயபாண்டி ஒரு கணம் முறைத்தார். பிறகு கையை வலப்பக்கம் கொண்டுபோய்த் தகட்டில் அழுந்த வைத்து எடுத்து, பொத்தானை அழுத்தினார். மருந்து அறை வெள்ளையாகப் பளீரிட்டது. தீ நடுங்கியது. தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கத்து அறைகள் இருளாகவே நின்றன. பச்சைப் புள்ளிகள் கேட்டைத் தாண்டி வேப்பமரத்தடிக்கு ஓடின.

"இருவது," என்றார். "ஸ்லைட எடுத்து உள்ள வைங்கப்பா."

அந்த ஏற்பாடு இதுதான்: பொத்தானுக்கு வலது பக்கம், இடுப்பு உயரத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு செப்புத் தகடு; தகட்டிலிருந்து ஒரு மெகாஓம் ரெசிஸ்டர் வழியாகக் கட்டடத்தின் எர்த் குழிக்கு ஒரு ஒயர்; தகட்டுக்கு மேலே பானுப்பிரியா எழுதிய அட்டை: முதலில் தகட்டைத் தொடவும், பிறகு பொத்தானை அழுத்தவும்.